காஞ்சிபுரம் வரை வந்த ஸ்காட்லாந்துப் பிரபு

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னை லிஃப்ட்டில் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க சரித்திரம் எல்லாம் படிக்கிறவர், அரை மணி நேரம் ஏதாவது பேசுங்க" என்றார். நான்காவது மாடி வருவதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் படித்தது பி.காம். வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். ஆகவே சரித்திரப் பேராசிரியர் போல என்னால் பேச முடியாது. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கை விரித்துக் காட்டுவது போல்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற தை மாதம் பேரனோடு காஞ்சிபுரம் போயிருந்தபோது, பக்கத்தில் புள்ளலூர் என்ற கிராமத்துக்கும் போனோம். அங்கே வயல் பக்கம் இரண்டு கூர்மையான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஹைதர் அலியோடு 1781-ல் அங்கே நடந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கிலேயப் படை அதிகாரிகளுக்கானவை அவை. அதற்கு முந்தைய வருடம், 1780 செப்டம்பர் 10 அன்று, அதே இடத்தில் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கினார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். பேரன் கேட்டான்: "தாத்தா, இவங்க எதுக்கு அவ்வளவு தூரத்துல இருந்து இங்க வந்து செத்தாங்க?" நல்ல கேள்விதான். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே போனதில் ஒரு பிரபுவின் குடும்பத்தில் போய் நின்றேன். அவர் பெயர் ஜான் மெக்கன்சி. லார்ட் மெக்லவுட் என்று அழைப்பார்கள்.

அவர் கதை அவருடைய அப்பாவிடமிருந்து தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் என்ற மலைப்பகுதியில் மெக்கன்சி குலத்தார் பெரிய நிலச்சுவான்தார்கள். அதில் ஒரு கிளைக்கு குரோமார்ட்டி ஏர்ல் என்ற பட்டம். ஏர்ல் என்பது பிரபுக்களில் ஒரு படிநிலை. மூன்றாவது ஏர்ல் ஜார்ஜ் மெக்கன்சி 1731-ல் பட்டத்துக்கு வந்தார். கடற்கரையில் டார்பட் மாளிகை, உள்ளே லியோட் கோட்டை, மலையும் ஆறும் குடியானவர்களும் எல்லாம் இருந்தன. கூடவே அப்பா வைத்துவிட்டுப் போன கடனும் இருந்தது. மனைவி இசபெல்லா கார்டன், பேரழகி என்று பெயர் பெற்றவர். வீடு நிறையக் குழந்தைகள். 1727-ல் பிறந்த மூத்த பையன்தான் நம் ஜான். மூத்த மகனை லார்ட் மெக்லவுட் என்று அழைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

1745-ல் ஒரு பெரிய சோதனை வந்தது. பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை 1688-ல் துரத்திவிட்டிருந்தார்கள். 1714 முதல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த ஜார்ஜ் வம்சம் ஆண்டது. துரத்தப்பட்ட அரசரின் பேரன் சார்லஸ் எட்வர்ட், பிரான்ஸிலிருந்து ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் வந்து இறங்கி, "என்னோடு வாருங்கள்" என்று குலத்தலைவர்களைக் கூப்பிட்டார். போவதா, வேண்டாமா? ஒவ்வொரு பிரபு வீட்டிலும் அந்த இலையுதிர் காலத்தில் இதே பேச்சுத்தான் இருந்திருக்கும்.

சில குடும்பங்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன. அத்தால் பிரபு குடும்பத்தில் ஒரு அண்ணன் அரசர் பக்கம் இருந்தார், தம்பி ஜார்ஜ் முர்ரே சார்லஸின் தளபதியாக இருந்தார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பத்துக்குச் சொத்து நிற்கும். திட்டமிட்டே செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது வேறு விஷயம்.

குரோமார்ட்டி ஏர்ல் அப்படிச் செய்யவில்லை. வடக்கே அரசருக்கு விசுவாசமாக இருந்த பெரிய மனிதர் டங்கன் ஃபோர்ப்ஸ் என்ற நீதிபதி. இவர் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பேசித் தடுத்துக்கொண்டிருந்தார். அரசருக்காகத் திரட்டப்படும் படைப்பிரிவு ஒன்றின் கேப்டன் பதவியை இளைஞர் ஜானுக்கே கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பதினெட்டு வயதுப் பையன் வேண்டாம் என்று திருப்பிவிட்டான். அப்பாவும் மகனும் சுமார் 400 பேரைத் திரட்டிக்கொண்டு சார்லஸோடு சேர்ந்தார்கள். கடன் தொல்லையில் இருந்தவருக்கு ஆட்சி மாறினால் விடிவு வரும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. வங்கியில் பார்த்திருக்கிறேன். தவணை கட்ட முடியாதவர்தான் இன்னும் பெரிய வியாபாரத்தில் கையை வைப்பார்.

1746 ஜனவரியில் ஃபால்கர்க் சண்டையில் இருவரும் இருந்தார்கள், அங்கே வெற்றிதான். பிறகு வடக்கே பின்வாங்கினார்கள். ஏப்ரல் 15 அன்று சதர்லாந்துப் பகுதியில், டன்ராபின் என்ற கோட்டையில் அப்பாவும் மகனும் சேர்ந்து பிடிபட்டார்கள். மறுநாள்தான் கல்லோடன் சண்டை. அதோடு சார்லஸின் கதை முடிந்தது. ஒரு நாள் முன்னால் பிடிபட்டது ஒருவகையில் உயிர் பிழைக்கக் கிடைத்த வழி என்றுகூடச் சொல்லலாம். டன்ராபின் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

ஏர்லையும் மகனையும் லண்டன் டவர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபை விசாரித்தது. குரோமார்ட்டி, கில்மார்நாக், பால்மெரினோ என்று மூன்று பிரபுக்கள் மீது ராஜத்துரோகக் குற்றச்சாட்டு. குரோமார்ட்டி குற்றத்தை ஒப்புக்கொண்டு, மனைவி மக்களை எண்ணிக் கருணை காட்டும்படி கேட்டார். ஆகஸ்ட் 1 அன்று மூவருக்கும் மரண தண்டனை.

இசபெல்லா அம்மாள் அப்போது கர்ப்பிணி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டனில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மந்திரிமார், பெரிய மனிதர்கள் யாரையும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கென்சிங்டன் அரண்மனையில் இரண்டாம் ஜார்ஜ் அரசர் தேவாலயத்துக்குப் போகும் வழியில் காலில் விழுந்தார். அரசர் மரியாதையாகத் தூக்கி நிறுத்தினாராம், ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. அரசர் நகர்ந்ததும் அந்த அம்மாள் மயங்கி விழுந்துவிட்டார். பிறகு நான்கு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இளவரசரின் மனைவியிடம் போனார். அந்த இளவரசி பதில் பேசவில்லை. தன் குழந்தைகளை உள்ளேயிருந்து வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நீ உன் பிள்ளைகளுக்காகக் கேட்கிறாய், நான் என் பிள்ளைகளின் சிம்மாசனத்தை நினைக்க வேண்டாமா என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன்.

கடைசியில் அரசர் இறங்கி வந்தார். குரோமார்ட்டிக்கு மட்டும் தண்டனை நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டு பிரபுக்களுக்கும் ஆகஸ்ட் 18 அன்று டவர் குன்றில் தலை போனது. அப்பா சிறையில் இருக்கும்போது பிறந்த பெண் குழந்தைக்கு அகஸ்டா என்று பெயர் வைத்தார்கள். அதன் கழுத்தில் கோடாரி வடிவத்தில் ஒரு மச்சம் இருந்ததாகக் கதை உண்டு. மச்சம் இருந்ததோ இல்லையோ, அந்தத் தாய் அந்த ஒன்பது மாதமும் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கதையில் இருக்கிறது.

உயிர் மிஞ்சியது, மற்ற எல்லாம் போயிற்று. பட்டம் ரத்து, நிலம் பறிமுதல். ஏர்லுக்கு 1749-ல் மன்னிப்பு வந்தது, ஆனால் அரசாங்கம் சொல்லும் ஊரில்தான் வாழ வேண்டும். இங்கிலாந்தின் தெற்கே டெவன் பக்கம் கையில் காசில்லாமல் காலம் தள்ளி, 1766-ல் லண்டனில் இறந்தார். ஜானுக்கும் 1748-ல் மன்னிப்பு கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை: வயது வந்ததும் குடும்பச் சொத்தில் தனக்குள்ள உரிமை அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இருபத்தொரு வயதில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து! நம் ரிஜிஸ்தர் ஆபீஸில் அண்ணன் தம்பிக்குப் போடுகிற கையெழுத்தே கை நடுங்கிப் போடுகிறார்கள். இது பரம்பரை முழுவதையும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது.

ஊரில் இருக்க வழியில்லை. ஜான் ஸ்வீடனுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். பெர்லினில் இருந்த ஜேம்ஸ் கீத் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு உதவினார். அவரும் ஸ்டூவர்ட் கட்சிக்காக ஊரை விட்டு வந்து, பிரஷ்யாவில் பீல்டு மார்ஷல் ஆனவர். 1757-ல் பிரஷ்யப் படையோடு ஒரு போருக்கும் ஜான் போய்வந்தார். இருபத்தேழு வருடம் ஸ்வீடன் சேவை. அங்கே கவுண்ட் குரோமார்ட்டி என்ற பட்டம்கூடக் கிடைத்தது. சொந்த ஊரில் இல்லாத பட்டம் அயல்நாட்டில்!

சகோதரிகளும் ஆளுக்கொரு திசை. மேரி, ஆன் இருவரும் அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் போய் அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். மூத்த சகோதரி இசபெல்லா எலிபேங்க் பிரபுவை மணந்தார். டவர் சிறைக் காலத்தில் பிறந்த அகஸ்டா, ஆக்டர்டயர் என்ற ஊரின் சர் வில்லியம் முர்ரேயை மணந்தார். அவர்கள் மகன் ஜார்ஜ் முர்ரே, வெலிங்டன் பிரபுவின் படையில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்து, பிறகு காலனி மந்திரி ஆனவர். அவருடைய பெர்த்ஷயர் தொடர்பை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் பெயர் வந்தது. அங்கே முர்ரே ஆற்றுக்கும் அவர் பெயர்தான். நம் குடியிருப்பில் பெர்த்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் அடுத்த வீடியோ காலில் சொல்லலாம்: உங்கள் ஊருக்குப் பெயர் வந்த வழியில் ஒரு பாட்டியம்மாள் அரசர் காலில் விழுந்த கதை இருக்கிறது என்று.

1777-ல் ஐம்பது வயது ஜான் பிரிட்டனுக்குத் திரும்பினார். அப்போது அமெரிக்காவில் போர், அரசாங்கத்துக்கு ஆள் தேவை. லண்டனில் செல்வாக்காக இருந்தவர் ஹென்றி டண்டாஸ். இவர் அம்மாவும் நம் இசபெல்லா அம்மாளும் உடன்பிறந்தவர்கள். அதாவது ஜானும் டண்டாஸும் அக்கா தங்கை பிள்ளைகள். அவர் யோசனைப்படி, "அரசருக்கு ஒரு மலைநாட்டு ரெஜிமெண்ட் திரட்டித் தருகிறேன்" என்று ஜான் முன்வந்தார். மூன்றாம் ஜார்ஜ் அரசர், அதாவது அம்மா யார் காலில் விழுந்தாரோ அவருடைய பேரன், சம்மதித்தார்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜானுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. சட்டப்படி பட்டம் இல்லை. ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆகிறது. அப்படிப்பட்டவர் போய்க் கூப்பிட்டதும் மலைநாட்டிலிருந்து 840 பேர் வந்தார்கள். மற்ற இடத்தாரையும் சேர்த்து, 1778 ஏப்ரலில் எல்ஜின் என்ற ஊரில் கூடியவர்கள் சுமார் 1,100 பேர். பழைய பிரபு வீட்டின் மேல் உள்ள பாசம் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். பாசம் மட்டுமே என்று என்னால் நம்ப முடியவில்லை. மலைநாட்டில் வறுமை இருந்தது, படையில் சம்பளம் இருந்தது. இரண்டும் சேர்ந்திருக்கும். ஒன்று மட்டும் நிச்சயம்: பதினெட்டு வயதில் ஒரு கம்பெனிப் படைக்கான பதவியை வேண்டாம் என்றவர், ஐம்பத்தொரு வயதில் அதே அரச குடும்பத்துக்கு ஒரு ரெஜிமெண்டையே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு 73-வது ரெஜிமெண்ட் என்று எண். அடுத்து இரண்டாவது பட்டாளமும் திரண்டது. அது தம்பி ஜார்ஜ் தலைமையில் ஜிப்ரால்டர் முற்றுகையில் போய் மாட்டிக்கொண்டது. அண்ணனின் முதல் பட்டாளம் 1780 ஜனவரியில் சென்னைக் கரையில் இறங்கியது.

ஆறு மாதத்தில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். படைகளை எங்கே கூட்டுவது என்று சென்னையில் வாக்குவாதம். காஞ்சிபுரத்தில் கூடுவது ஆபத்து, சென்னை அருகிலேயே கூட வேண்டும் என்பது மெக்லவுடின் கருத்து. அந்தத் திட்டத்துக்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்றுவிட்டார். ஹெக்டர் மன்ரோ தாமே தலைமை ஏற்றுக் காஞ்சிபுரம் புறப்பட்டார். இதில் வேடிக்கை, மன்ரோவும் ராஸ் பகுதிக்காரரே. நோவாரில் உள்ள அவர் வீடும் டார்பட் மாளிகையும் ஒரே கடற்கழியின் கரையில் இருக்கின்றன. அடுத்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உலகத்தின் இந்தப் பக்கம் வந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். பின்னால் மன்ரோ ஊர் திரும்பி, ஃபைரிஷ் மலை உச்சியில் ஒரு கல் வளைவு கட்டினார். அது நம் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் மாதிரி என்கிறார்கள், இன்றும் நிற்கிறது.

வடக்கேயிருந்து காஞ்சிபுரம் வரவேண்டிய கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் புள்ளலூரில் மடக்கினார்கள். அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டவர்களில் மெக்லவுட் ரெஜிமெண்டின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. சிலரே உயிரோடு சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் பெயர்டு என்ற கேப்டன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை சிறையில் இருந்தவர், 1799-ல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். காஞ்சிபுரத்தில் பெரும் படையோடு இருந்த மன்ரோ சரியான நேரத்துக்கு உதவிக்குப் போகவில்லை. செய்தி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். அந்தப் படையில் மெக்லவுடும் இருந்தார். தம்மை நம்பி வந்த பையன்கள் செத்துக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே அவர் நிற்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் இங்கே இருக்கவில்லை. மன்ரோவோடு ஒத்துப்போகவில்லை என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். ரெஜிமெண்ட் இங்கேயே பரங்கிப்பேட்டை முதல் பல சண்டைகளுக்குப் போனது. இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. கூட்டி வந்தவர் முன்னால் போய்விட்டார், வந்தவர்கள் நின்றார்கள்.

அவருக்கு ஊரில் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது. பறிமுதலான நிலங்களில் பதின்மூன்று எஸ்டேட்டுகளை அரசாங்கமே ஒரு ஆணையக் குழு வைத்து நிர்வகித்து வந்தது. குரோமார்ட்டி நிலம் அதில் ஒன்று. டண்டாஸ் கொண்டுவந்த மசோதா 1784-ல் சட்டமாகி, இவை பழைய குடும்பங்களுக்கே திரும்பின. சும்மா அல்ல. பழைய கடன்காரர்களுக்கு அரசாங்கம் தீர்த்த தொகையைக் கட்ட வேண்டும். மெக்லவுட் கட்டியது சுமார் 19,000 பவுண்டு. கவனித்தீர்களா? அப்பாவும் தாத்தாவும் வாங்கிய கடன் முப்பத்தெட்டு வருடம் கழித்தும் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அரசர் மாறினாலும், தலை தப்பினாலும், அடமானம் அடமானம்தான். இப்படி எல்லாக் குடும்பங்களிடமும் வசூலானதில் 50,000 பவுண்டு ஃபோர்த்-கிளைடு கால்வாய்க்கும், 15,000 பவுண்டு எடின்பரோவில் ஆவணக் காப்பக மாளிகைக்கும் போனது. பத்திரம் பறிபோனவர்கள் பணத்தில் பத்திரங்களை வைக்க ஒரு கட்டடம்!

நிலம் வந்தது. ஏர்ல் பட்டம் வரவில்லை. டார்பட்டில் 1787-ல் புது மாளிகை எழுப்பினார். அதற்கு முந்தைய வருடம், ஐம்பத்தொன்பது வயதில், ஃபோர்ப்ஸ் பிரபுவின் மகள் மார்ஜரியைத் திருமணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. தம்பி ஜார்ஜாவது வாரிசாக இருப்பார் என்று பார்த்தால், ஜிப்ரால்டரில் தப்பிய அவர் முதல் பட்டாளத்தோடு சேர இங்கே வந்து, 1787-ல் வாலாஜாபாத்தில் இறந்துபோனார். நாம் காஞ்சிபுரம் போகும்போது டீ குடிக்க நிறுத்துகிறோமே, அதே வாலாஜாபாத்.

1789 ஏப்ரலில் ஜானும் இறந்தார். எடின்பரோவின் கேனன்கேட் தேவாலயத்தில் அம்மா பக்கத்தில் அடக்கம். விதவை மார்ஜரி பிறகு அத்தால் டியூக்கை மறுமணம் செய்துகொண்டார். அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் என்று நின்றார்களே, அதே அத்தால் குடும்பம். இந்த டியூக்குக்கு அந்தத் தம்பி அப்பாவழித் தாத்தா, அந்த அண்ணன் அம்மாவழித் தாத்தா. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளே அங்கே கல்யாணம் செய்துகொண்டதில் வந்த உறவு இது.

குரோமார்ட்டி நிலம் முதலில் பங்காளி ஒருவருக்குப் போய், பிறகு எலிபேங்க் பிரபுவை மணந்த சகோதரி இசபெல்லாவுக்கு வந்தது. அவர் மகள், மகளின் மகன் என்று இறங்கி, அந்த மகனின் ஒரே வாரிசான ஆன் ஹே-மெக்கன்சி என்ற பெண்ணிடம் வந்து சேர்ந்தது. 1861-ல் விக்டோரியா அரசியார் அந்தப் பெண்ணுக்குக் குரோமார்ட்டி கவுண்டஸ் என்று பட்டம் கொடுத்தார். நூற்றுப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெயர் அந்த வீட்டுக்குத் திரும்பியது. லியோட் கோட்டை இன்றும் அந்த வம்சத்தாரிடம் இருக்கிறது.

ஆன் 1849-ல் திருமணம் செய்துகொண்டது சதர்லாந்து டியூக்கின் மூத்த மகனை. 1861-ல் அவரே டியூக் ஆனார். சதர்லாந்து டியூக்குகளின் அரண்மனை எது தெரியுமா? டன்ராபின். எந்தக் கோட்டையில் எள்ளுத்தாத்தாவைக் கைதியாகப் பிடித்தார்களோ, அதே கோட்டைக்கு ஆன் எஜமானி ஆனார்.

(கூட்டம் முடிந்ததும் பலர் புள்ளலூர் பார்க்க வேண்டும் என்றார்கள். வெயில் குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துப் போகலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வர விரும்புவோர் செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதிவைக்கவும்.)